மகாலின் கூரை ஓட்டைக்குக் கதை இருக்கிறது, இடிந்துபோன முக்கால் பங்குக்கு ஏன் இல்லை?

கீழவாசல்காரன்

வணக்கம் நண்பர்களே. போன வாரம் அக்கா மகளைத் திருமலை நாயக்கர் மகாலுக்குக் கூட்டிப் போனேன். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். கோவையில் வளர்கிற பிள்ளை, லீவுக்குத்தான் மதுரை வருவாள். எனக்கு மகால் என்பது பள்ளிக்கூடம் போகிற வழியில் இருந்த கட்டடம். பார்த்துப் பார்த்துப் பழகி, கடைசியில் பார்க்காமலே கடந்துபோகிற இடமாகிவிட்டது. அவள்தான் என்னை நிற்க வைத்தாள்.

சொர்க்க விலாசத்துக்கு வடமேற்கே ஒரு நீளமான கூடம் இருக்கிறதல்லவா, அங்கே ஒரு வழிகாட்டி கூரையைக் காட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். மதுரைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். அது ராஜாவின் படுக்கையறை. கட்டில் கூரையிலிருந்து சங்கிலியில் தொங்கும். ஒரு கள்ளன் கூரையில் ஓட்டை போட்டு, அந்தச் சங்கிலியைப் பிடித்தே இறங்கி, தூங்குகிறவரை எழுப்பாமல் நகைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நகையைக் கொண்டுவந்து தருகிறவனுக்குப் பரம்பரைக்கும் ஜாகீர், அதாவது நிலக்கொடை, என்று ராஜா அறிவித்தார். கள்ளனே நேரில் வந்து கொடுத்தான். சொன்ன சொல்படி ஜாகீரை எழுதிக் கொடுத்தார். அப்புறம், திருடிய குற்றத்துக்காகத் தலையை வெட்டச் சொன்னார்.

பிள்ளை வாயைப் பிளந்து கேட்டாள். வெளியே வரும்போது, "இப்ப இருக்கறது கால் பங்குதான்னு சொன்னாங்களே, மீதி எங்க மாமா?" என்றாள். பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இடித்து எடுத்துப் போய்விட்டார் என்றேன். "ஒரு நகைப் பெட்டியை எடுத்தவனுக்கு இவ்வளவு பெரிய கதை. அரண்மனையையே எடுத்தவருக்குக் கதை இல்லையா?"

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியைத்தான் இங்கே கொண்டு வந்திருக்கிறேன். மகாலைப் பற்றியும் நாயக்கரைப் பற்றியும் உங்கள் வீட்டில் கேட்ட கதைகளைச் சொல்லுங்கள். எது வரலாறு, எது கதை என்று தெரிந்தவர்கள் பிரித்துச் சொன்னால் அவளுக்கு அப்படியே படித்துக் காட்டுவேன்.

கல்வெட்டுப்பித்தன்

நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள் பிள்ளை. முதலில் அடிப்படைத் தகவல்கள். திருமலை நாயக்கர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. மகால் கட்டியது 1636. சொர்க்க விலாசம், ரங்க விலாசம் என்று இரண்டு பெரும் பகுதிகள். சொர்க்க விலாசத்தில் அரசர் இருந்தார், ரங்க விலாசத்தில் அவருடைய தம்பி முத்தியாலு நாயக்கர் இருந்தார். இன்று நாம் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது சொர்க்க விலாசத்தின் பெருமுற்றமும் அதைச் சுற்றிய மண்டபங்களும், வடமேற்கில் உள்ள அந்தக் கூடமும் மட்டும்தான்.

கள்ளன் கதை இப்போதைய வழிகாட்டிகள் கட்டியது அல்ல. ஆங்கிலேயர் காலத்துப் பழைய பயணக் கையேடுகளிலேயே, அதே சங்கிலி, அதே ஜாகீர், அதே வெட்டு எல்லாம் இருக்கின்றன. கூரையில் ஓட்டைகள் கண்ணெதிரே தெரிகின்றன. அவை எதற்கு என்று எவரோ கேட்டிருக்கிறார்கள், இன்னொருவர் பதில் சொல்லியிருக்கிறார். கட்டில் சங்கிலிக்கான துளை என்ற பகுதியில் நம்ப முடியாதது எதுவும் இல்லை. பெரிய வீடுகளில் ஊஞ்சல் வளையம் மாட்டிய உத்தரங்கள் இன்றும் உண்டு. கள்ளன் இறங்கியது மட்டும் பின்னால் ஒட்டிக்கொண்ட பகுதி என்பது என் எண்ணம்.

மகால்தெரு மருமகள்

நான் பிறந்ததும் மகால் தெரு, வாழ்க்கைப்பட்டதும் மகால் தெரு. எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். இந்தக் கள்ளன் கதையைப் பாட்டி தறி ஓசைக்கு நடுவே எங்கள் மொழியில்தான் சொல்லுவார். கதை முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையையும் பார்த்து, "ராஜா செஞ்சது சரியா?" என்று கேட்பார். சரி என்றால் ஏன் சரி என்று சொல்ல வேண்டும், தப்பு என்றால் ஏன் தப்பு என்று சொல்ல வேண்டும். எந்தப் பதிலுக்கும் அவர் தலையாட்டியதில்லை. எனக்கு இன்றுவரை முடிவாகவில்லை. கொடுத்த வாக்கையும் காப்பாற்றினார், சட்டத்தையும் காப்பாற்றினார் என்று ஒரு நாள் தோன்றும். நம்பி நேரில் வந்தவனைக் கொன்றுவிட்டாரே என்று இன்னொரு நாள் தோன்றும்.

எங்கள் ஆட்களைத் திருமலை நாயக்கர்தான் பட்டு நெய்ய அழைத்து வந்து அரண்மனையைச் சுற்றிக் குடியமர்த்தினார் என்று எங்கள் தெருவில் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் சொல்வார்கள். மகாலைச் சுற்றி இன்னும் நாங்கள்தான் இருக்கிறோம். பக்கத்தில் நவபத்கானா தெரு இருக்கிறது. அரண்மனையில் நாள் பொழுதுக்கு முரசு கொட்டிய இடம் அது. முரசு போய்விட்டது, பெயர் மட்டும் தெருப்பலகையில் நிற்கிறது.

ஓய்வுபெற்ற வாத்தியார்

தம்பி கீழவாசல், மகாலோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொரு கதை புதுமண்டபத்தில் நிற்கிறது. மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே. தையற்கடைகள் நிறைந்திருந்த காலத்தில் சிலைகளைப் பார்க்கவே முடியாது. துணிக்குப் பின்னால் யாளியின் பல் மட்டும் தெரியும். அங்கே நாயக்க மன்னர்களின் சிலைகள் வரிசையாக இருக்கின்றன. திருமலை நாயக்கர் பருத்த உடலோடு கைகூப்பி நிற்பார், அருகில் அவருடைய தேவியர். அதில் ஒரு தேவியின் தொடையில் வெட்டுப்பட்டது போல ஒரு வடு உண்டு.

நான் சின்ன வயதில் கேட்ட கதை இது. அந்த அரசி தஞ்சாவூர் நாயக்கர் வீட்டுப் பெண். மகாலைக் கட்டி முடித்ததும் நாயக்கர் பெருமையோடு அவளை அழைத்துப் போய்ச் சுற்றிக் காட்டினார். அவளோ, "எங்கள் அப்பா வீட்டு மாட்டுக் கொட்டகைகூட இதைவிட நன்றாயிருக்கும்" என்று சொல்லிவிட்டாள். ஆத்திரத்தில் இடுப்பிலிருந்த கட்டாரியை வீசினார். அது தொடையில் பாய்ந்தது. சிற்பி அந்த வடுவையும் கல்லில் வடித்துவிட்டான்.

பிறந்த வீட்டுப் பெருமை பேசுவது எந்தக் காலத்திலும் உண்டு. அதனால்தான் இந்தக் கதையை மதுரைப் பெண்கள் அவ்வளவு விரும்பிச் சொல்வார்கள். என் அம்மா சொல்லும்போது "தஞ்சாவூர்க்காரி" என்ற சொல்லில் ஒரு தனி அழுத்தம் இருக்கும்.

கல்வெட்டுப்பித்தன்

ஐயா, கதையை ரசித்துக்கொண்டே ஒரு இடறலைச் சொல்கிறேன். புதுமண்டபம் கட்டி முடிந்தது 1635 வாக்கில் என்பார்கள். மகால் 1636. அப்படியானால் மகாலைப் பார்த்துச் சொன்ன சொல்லுக்காக வாங்கிய வெட்டு, மகால் முடியும் முன்பே வடித்த சிலையில் எப்படி வரும்? ஓராண்டு முன்பின் இருக்கலாம் என்று விட்டுக்கொடுத்தாலும் இடிக்கத்தான் செய்கிறது.

தாமிரபரணி

வாத்தியார் ஐயா சொன்ன அதே வடுவுக்கு எங்கள் திருநெல்வேலிப் பக்கம் முற்றிலும் வேறு கதை. இதைத்தான் நான் முதலில் கேட்டேன். அதில் கட்டாரியும் கிடையாது, மாட்டுக் கொட்டகையும் கிடையாது.

நாயக்கரின் அமைச்சர் நீலகண்ட தீட்சிதர். அப்பைய தீட்சிதரின் குடும்பத்தில் வந்தவர், பெரிய சம்ஸ்கிருதக் கவிஞர். புதுமண்டபத்தைக் கட்டிய தலைமைச் சிற்பி சுமந்திரமூர்த்தி ஆசாரி. பட்டத்தரசியின் சிலையைச் செதுக்கும்போது தொடையில் ஒரு சில்லுப் பெயர்ந்துவிட்டது. வேறு கல் எடுத்துச் செதுக்கினாலும் அதே இடத்தில் பெயர்ந்தது. ஆசாரி கலங்கி நிற்க, தீட்சிதர் பார்த்துவிட்டு, "அப்படியே இருக்கட்டும், உத்தம இலக்கணமுள்ள அரசிக்கு அந்த இடத்தில் மச்சம் இருக்க வேண்டும்" என்றார். ராஜா இதைக் கேட்டார். அரசிக்கு அங்கே மச்சம் இருப்பது இவருக்கு எப்படித் தெரியும் என்ற சந்தேகம் மனதில் விழுந்துவிட்டது. தீட்சிதரின் கண்களைப் பறிக்கச் சொல்லி ஆள் அனுப்பினார். பூஜையில் இருந்த தீட்சிதர் ஞானத்தால் அதை அறிந்து, அம்பாளுக்குக் காட்டிய கற்பூரத்தை எடுத்துத் தன் கண்களில் தானே அப்பிக்கொண்டார். வந்த ஆட்கள் திகைத்துத் திரும்பினார்கள். ராஜா ஓடிவந்து மன்னிப்புக் கேட்டார். பார்வை போன நிலையில் தீட்சிதர் மீனாட்சி மேல் பாடியதுதான் ஆனந்தசாகரஸ்தவம் என்றும், பாடி முடித்தபோது பார்வை திரும்பியது என்றும் சொல்வார்கள். அதன் பிறகு அவர் மதுரையில் தங்காமல் தாமிரபரணிக் கரைக்கு வந்துவிட்டார். அவருடைய அதிஷ்டானம், அதாவது சமாதிக் கோயில், பாலாமடையில் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து பக்கம்தான். சின்ன வயதில் போய் வந்திருக்கிறேன், அவ்வளவு அமைதியான இடம்.

கீழவாசல்காரன்

தாமிரபரணி, எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நாற்பது வருடமாக மதுரையில் இருக்கிறேன், கட்டாரிக் கதை மட்டும்தான் தெரியும். ஒரே வடு. ஒரு கதையில் ராஜா கோபக்காரர், இன்னொன்றில் சந்தேகக்காரர். ஒன்றில் அரசிக்குக் காயம், இன்னொன்றில் அமைச்சருக்கு. இரண்டிலும் ராஜா தவறு செய்கிறார் என்பதைக் கவனித்தீர்களா? கள்ளன் கதையையும் சேர்த்துப் பார்த்தால், அவரைப் பற்றி மக்கள் சொல்லும் கதை எதிலும் முகஸ்துதி இல்லை. சித்திரைத் திருவிழாவையே இந்த அளவுக்கு நமக்குக் கொடுத்தவர். மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, தேனூருக்குப் போய்க்கொண்டிருந்த அழகரை மதுரைப் பக்கம் திருப்பி, இரண்டையும் ஒன்றாக்கியவர். அப்படிப்பட்டவரைப் பற்றியே இப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்றால், மதுரைக்காரர்கள் அவரை ரொம்ப நெருக்கமாக வைத்திருந்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

கொத்தனார் மகன்

அப்பா, தாத்தா எல்லோரும் சுண்ணாம்பு வேலை பார்த்தவர்கள். கல் வேலைக்காரர்களோடும் பழகியிருக்கிறேன். சிலை செதுக்கும்போது கல்லுக்குள் இருக்கும் பழுது நடுவில் வெளிப்படுவது சாதாரணம். ஒரே பாறையிலிருந்து வெட்டிய இரண்டு கல்லில் ஒரே மாதிரி பழுது ஓடுவதும் உண்டு. அதனால் தீட்சிதர் கதையில் வருகிற "மறுபடி அதே இடத்தில் பெயர்ந்தது" என்ற வரி, கல் வேலை தெரிந்த ஆள் சொல்லிய வரி மாதிரி எனக்குத் தோன்றுகிறது.

மகாலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஒருவர் கட்டியது என்று இணையத்தில் எங்கே பார்த்தாலும் இருக்கிறது. கேட்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படுகிறது. அந்த வளைவுகள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். சொர்க்க விலாசத்தின் நடுக்குவிமாடத்துக்கு அடியில் நின்று மேலே பாருங்கள். உத்தரம் கிடையாது, இரும்புச் சட்டம் கிடையாது. செங்கல் ஒன்றையொன்று தாங்கி நிற்கிறது. மேல் பூச்சு சங்குச் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கலந்து அரைத்தது. பளிங்கு மாதிரி மினுக்கம் அதனால்தான் வருகிறது. அரைக்கிற பதம், ஊற வைக்கிற நாள், கூழாங்கல்லால் தேய்க்கிற கணக்கு எல்லாம் இந்த மண்ணுக்காரன் கை. தாத்தா மகாலுக்குள் போனால் தூணைக் கையால் தடவிப் பார்ப்பார், ஒன்றும் பேச மாட்டார்.

கல்வெட்டுப்பித்தன்

கொத்தனார் மகன் சொல்வதை முழு மனதோடு வழிமொழிகிறேன். மதுரை நாயக்கர்கள் விஜயநகரத்தின் பிரதிநிதிகளாக வந்தவர்கள். ஹம்பியில் தாமரை மகாலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சுல்தான்கள் பாணி வளைவும் கோயில் பாணி சுதை வேலையும் அங்கேயே கைகோத்துவிட்டன. மகாலில் இருப்பது அதன் தொடர்ச்சி, இன்னும் பெரிய அளவில். இத்தாலி வரை போக வேண்டிய தேவையே இல்லை. யேசு சபைப் பாதிரியார்கள் அப்போது மதுரையில் இருந்தார்கள், ராபர்ட் தெ நொபிலி 1606-லேயே வந்துவிட்டார். அதை வைத்துத்தான் இந்த ஊகம் முளைத்திருக்க வேண்டும்.

கோதை நாச்சியார் ஊர்

திருவில்லிபுத்தூரிலிருந்து எழுதுகிறேன். மணி மண்டபக் கதையை இன்னும் யாரும் சொல்லவில்லையே! நாயக்கர் ஆண்டாள் மேல் உயிரையே வைத்திருந்தார். எங்கள் ஊரில் ஆண்டாளுக்குப் பூஜை முடிந்த பிறகுதான் மதுரையில் அவர் காலை உணவைத் தொடுவார். பூஜை முடிந்தது என்று எப்படித் தெரியும்? வழி நெடுக மண்டபங்கள் கட்டி, ஒவ்வொன்றிலும் மணி. கோயிலில் அடித்ததும் அடுத்த மண்டபத்துக்காரன் கேட்டு அவன் அடிப்பான், அதைக் கேட்டு அதற்கடுத்தவன். அப்படியே மகால் வரை போகும். மதுரை ரோட்டில் கிருஷ்ணன்கோவில் பக்கம் பாழடைந்த மண்டபங்கள் கண்ணில் படும். பஸ்ஸில் போகும்போது அப்பா, "அதோ மணி மண்டபம்" என்று காட்டுவார். நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

எங்கள் ஊரிலும் ஒரு திருமலை நாயக்கர் மகால் இருக்கிறது, தெரியுமா? மதுரையில் உள்ளதை விடச் சிறியது.

ஓய்வுபெற்ற வாத்தியார்

அம்மா கோதை, இதே கதையைக் கட்டபொம்மனுக்கும் சொல்வார்கள். திருச்செந்தூரில் உச்சிகாலப் பூஜை மணி அடித்து, அது மண்டபம் மண்டபமாகப் பாஞ்சாலங்குறிச்சி வந்து சேர்ந்த பிறகுதான் அவர் சாப்பிடுவார் என்று. நான் பாடம் எடுக்கும்போது இரண்டையும் சொல்லுவேன். பிள்ளைகள் "யார் யாரைப் பார்த்து சார் செஞ்சாங்க?" என்று கேட்பார்கள்.

உங்கள் ஊருக்கும் மதுரைக்கும் 70 கிலோமீட்டருக்கு மேல். கூப்பிடு தூரத்துக்கு ஒரு மண்டபம் என்றால் எத்தனை ஆள், எத்தனை மணி! நடந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த மண்டபங்களில் பல, பாதசாரிகள் தங்கிப் போகக் கட்டியவை. சும்மா நிற்கிற மண்டபத்துக்கு ஊர் ஒரு மணியைக் கட்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

தாமிரபரணி

நாயக்கர் எப்படி இறந்தார் என்பதைப் பற்றிப் பேசுவோமா? அதுதான் எல்லாக் கதைகளிலும் கனமானது.

கல்வெட்டுப்பித்தன்

பேசுவோம், ஆனால் நிதானமாக. இதில் இரண்டு கதைகள் ஓடுகின்றன. 19-ஆம் நூற்றாண்டில் நெல்சன் எழுதிய மதுரை வரலாற்றிலேயே இவை வந்துவிட்டன.

ஒன்று, அவர் கிறிஸ்தவத்தின் பக்கம் சாய்ந்தார், அதனால் கோபமுற்ற பட்டர்கள் மீனாட்சி கோயிலில் நிலவறைக்குள் புதையல் இருப்பதாகச் சொல்லி அழைத்துப் போய், அவர் இறங்கியதும் கல்லால் மூடிவிட்டார்கள், வெளியே வந்து அம்மன் அவரைத் தன்னிடம் அழைத்துக்கொண்டாள் என்று அறிவித்தார்கள் என்பது. மற்றொன்று, ஒரு பட்டரின் மனைவியோடு அவருக்கு உறவு இருந்தது, இரவில் திரும்பும்போது இருட்டில் கிணற்றில் விழுந்து இறந்தார், பயந்துபோன பட்டர் கிணற்றையே மூடிவிட்டார் என்பது.

இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. அவருடைய கடைசி நாட்களில் மைசூர்ப் படையோடு நடந்த மூக்கறுப்புப் போர் வரை எழுதி வைத்த யேசு சபைக் கடிதங்கள், மதத்துக்காக அரசர் கொலையுண்டிருந்தால் அதை விட்டிருக்குமா? முதிய வயதில் இறந்தார் என்பதற்கு மேல் அவற்றில் இப்படி ஒரு சேதி இல்லை. பாதிரியார்களிடம் இணக்கமாக இருந்தார் என்பது உண்மை. அதே கையால்தான் கோயில்களுக்கு அள்ளிக் கொடுத்தார் என்பதும் உண்மை.

மகால்தெரு மருமகள்

பித்தன் அண்ணே, அந்த இரண்டாவது கதையை எங்கள் பாட்டி ஒரு நாளும் சொன்னதில்லை. முதல் கதையில் பாதியை மட்டும் சொல்வார். "மீனாட்சியே கூப்பிட்டுக்கிட்டா, உள்ள போனவர் திரும்பல." அவ்வளவுதான். கல்லால் மூடினார்கள் என்பதெல்லாம் பின்னால் நானே படித்துத் தெரிந்துகொண்டது. மூக்கு வழியாகச் சளி நோய் வந்து வைத்தியம் பலிக்காமல் திண்டுக்கல்லில் தங்கியிருந்தபோது, மீனாட்சியும் சொக்கரும் கனவில் வந்து "மதுரையிலேயே வந்து இரு, சரியாகும்" என்றார்களாம். அதனால்தான் திருச்சியிலிருந்து தலைநகரை இங்கே கொண்டுவந்தார் என்பது வேறொரு கதை. பாட்டிக்கு இரண்டும் ஒரே நூலின் இரண்டு முனை. அவள் கூப்பிட்டாள் என்று வந்தார், அவள் கூப்பிட்டாள் என்று போனார்.

மகாலிலிருந்து கோயிலுக்குச் சுரங்கப்பாதை உண்டு என்று எங்கள் தெருப் பையன்கள் அடித்துச் சொல்வார்கள். எங்கள் வீட்டுக்கு அடியில்தான் போகிறது என்று நானும் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

வண்டியூரான்

தெப்பக்குளத்துக்காரன் வந்துவிட்டேன். மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம்தான் மாரியம்மன் தெப்பக்குளம் என்பார்கள். தோண்டும்போது கிடைத்தவர்தான் மீனாட்சி கோயிலில் இருக்கும் முக்குறுணி விநாயகர். பிள்ளையார் சதுர்த்திக்கு மூன்று குறுணி அரிசியில், அதாவது 18 படியில், ஒரே கொழுக்கட்டை செய்து படைப்பார்கள். கிட்டத்தட்ட 1000 அடிக்கு 950 அடி குளம். பள்ளத்தை அப்படியே விட மனசில்லாமல் படிக்கட்டும் மைய மண்டபமும் கட்டினார். தைப்பூசம் அவர் பிறந்தநாள், அன்றைக்குத்தான் தெப்பம்.

பித்தன் சார் முந்திக்கொள்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். மகால் 1636, தெப்பக்குளம் 1645 என்கிறார்கள். ஒன்பது வருட இடைவெளி. ஆனால் மண் எடுத்தது முதலில், குளமாகக் கட்டியது பின்னால் என்றால் கணக்கு அழகாகப் பொருந்திவிடுகிறது. இந்தக் கதையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கல்வெட்டுப்பித்தன்

விட்டுக்கொடுக்க வேண்டாம். இந்த இழையில் வந்த கதைகளில் நம்புவதற்கு மிக அருகில் இருப்பது இதுதான். அத்தனை கோடிக்கணக்கான செங்கல்லுக்கு எங்கிருந்தோ மண் எடுத்துத்தானே ஆக வேண்டும்.

மலைக்கோட்டை

திருச்சியிலிருந்து. பிள்ளையின் கேள்விக்கு எங்கள் ஊர்தான் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். சொக்கநாத நாயக்கர் 1659-லிருந்து 1682 வரை ஆண்டார். பதவிக்கு வந்து சில வருடங்களில் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றினார். மகாலிலிருந்து மரச் சிற்பங்கள், அலங்காரங்கள், கல் என்று பெயர்த்து ஏற்றி அனுப்பினார்கள். மலைக்கோட்டை அடிவாரத்தில் அவர் பெயரில் ஒரு தர்பார் மண்டபம் இருக்கிறது. ராணி மங்கம்மாள் மகால் என்றுதான் நாங்கள் சொல்வோம், இப்போது அங்கே அருங்காட்சியகம் இயங்குகிறது. நல்ல கட்டடம்தான். ஆனால் மதுரை மகாலைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால், கொண்டுவந்தது எல்லாம் எங்கே போயிற்று என்ற கேள்விதான் வரும். எங்கள் ஊரிலும் அதற்கு ஒரு கதை கிடையாது. இந்தக் கல் மதுரைக் கல் என்று எந்தப் பாட்டியும் எனக்குக் காட்டியதில்லை.

கல்வெட்டுப்பித்தன்

சொக்கநாதர் மட்டுமல்ல. அதற்குப் பிறகு நூறு வருடம் போர், படையெடுப்பு, கைமாற்றம். டேனியல் சகோதரர்கள் எனப்படும் தாமஸும் வில்லியமும் (உண்மையில் தாமஸின் சகோதரர் மகன்தான் வில்லியம்) 1792-ல் மதுரைக்கு வந்து மகாலை வரைந்தார்கள். அந்த ஓவியத்தின் தலைப்பே இடிபாடுகள் என்றுதான் இருக்கும். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார். அவர் நினைவாக நிற்பதுதான் நம் விளக்குத்தூண். அந்த இடிப்பு வேலையை மேற்பார்த்தவர்கள் பெயரில்தான் மாரெட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இருக்கின்றன. இடித்தவர்கள் பெயரை நாம் தினமும் முகவரியாக எழுதுகிறோம்.

மிச்சமிருந்ததையாவது காப்பாற்றியது 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு. அவர் பணம் ஒதுக்கிப் பழுதுபார்க்கச் சொன்னார், சிசோம் என்ற கட்டடக் கலைஞர் வேலையைப் பார்த்தார். 1970 வரை உள்ளே மாவட்ட நீதிமன்றம் நடந்தது. பிறகுதான் தொல்லியல் துறையின் கைக்கு வந்தது.

ஓய்வுபெற்ற வாத்தியார்

நீதிமன்றம் நடந்த காலத்தை நான் பார்த்திருக்கிறேன். அப்பாவோடு ஒரு நிலத் தகராறு வழக்குக்காகப் போயிருந்தேன். கறுப்புக் கோட்டுகளுக்கு நடுவே தூண்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். வழக்கு என்ன ஆனது என்பது மறந்துவிட்டது, தூண்கள் மறக்கவில்லை.

கீழவாசல் தம்பி, உங்கள் அக்கா மகளுக்கு என் பதில் இது. கதை பிறக்க ஒரு அடையாளம் வேண்டும். கூரையில் ஓட்டை இருந்தது, கள்ளன் வந்தான். கல்லில் வடு இருந்தது, கட்டாரியும் கற்பூரமும் வந்தன. வழியில் மண்டபம் இருந்தது, மணி வந்தது. பள்ளம் இருந்தது, பிள்ளையார் வந்தார். இடித்து எடுத்துப் போன முக்கால் பங்கில் சுட்டிக் காட்ட என்ன மிச்சம்? விரலை எங்கே நீட்டிக் கதை சொல்வது? வெறும் இடத்தில் வீடுகள் வந்துவிட்டன.

மகால்தெரு மருமகள்

ஐயா, இருக்கிறதே! பத்துத்தூண் சந்து!

விளக்குத்தூணுக்குப் பக்கத்தில் ஜவுளிக் கடைகளுக்கு நடுவே பத்து பிரம்மாண்டமான கல்தூண்கள் தனியாக நிற்கின்றன. மேலே கூரை இல்லை, சுற்றிச் சுவர் இல்லை. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிறவர்கள் அவற்றை உரசிக்கொண்டுதான் நடக்கிறார்கள். ரங்க விலாசத்தின் மிச்சம் அது என்கிறார்கள். சின்ன வயதில் எங்களுக்குச் சொன்னது, ராஜாவின் யானைகளைக் கட்டிப்போட்ட தூண்கள் என்று. நான் ரொம்ப நாள் நம்பினேன். இப்போது யோசித்தால், யானை கட்ட எதற்கு அவ்வளவு உயரமான தூண்? இடிந்த அரண்மனை அது என்று சொல்ல மனம் வராமல்தான் யானையைக் கட்டிவிட்டார்களோ என்னவோ.

கீழவாசல்காரன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று முழு இழையையும் பிள்ளைக்குப் படித்துக் காட்டினேன். தீட்சிதர் கண்ணில் கற்பூரம் வைத்த இடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். மகால்தெரு அக்கா எழுதியதைப் படித்து முடித்ததும், "இப்பவே போகணும்" என்றாள்.

இன்று காலை போனோம். கடைகள் பாதிதான் திறந்திருந்தன. ஒன்று, இரண்டு என்று எண்ணினாள், பத்து வந்தது. ஒரு தூணை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துப் பார்த்தாள். பாதிச் சுற்றுக்குக்கூடக் கை எட்டவில்லை. பக்கத்தில் சுருட்டி வைத்திருந்த துணிகளை எடுத்துத் தூணில் சாய்த்துக்கொண்டிருந்த கடைக்காரரிடம், "அங்கிள், இது யாரோட வீடுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். அவர், "ராஜா யானை கட்டின இடம்மா" என்றார். "இல்ல அங்கிள், ராஜாவோட தம்பி வீடு. முத்தியாலு நாயக்கர்" என்று தொடங்கினாள். அவர் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பேரன் இடித்ததுவரை சொல்லிவிட்டுத்தான் அங்கிருந்து நகர்ந்தாள்.

நாளை கோவைக்குத் திரும்புகிறாள். கள்ளன் கதையில் பாட்டி கேட்ட கேள்விக்குப் பதில் யோசித்துக்கொண்டிருப்பதாக மகால்தெரு அக்காவிடம் சொல்லச் சொன்னாள்.

மகால்தெரு மருமகள்

அடுத்த லீவுக்கு வரும்போது எங்கள் வீட்டுக்குக் கூட்டி வாருங்கள் தம்பி. மொட்டை மாடியில் ஏறினால் மகாலின் குவிமாடம் தெரியும், சாயங்கால வெயிலில் பார்க்க வேண்டும். பதிலை அங்கே வந்து சொல்லட்டும்.